தோற்க ஆளில்லாத ஊர்

புளியம்பொட்டலில் மாட்டுப் பொங்கல் அன்று காலை பத்தரை மணிக்குத் தோல்வி நின்றுபோனது. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற மாதிரிதான். சத்தம் கிடையாது, எங்கே அடைத்தார்கள் என்றும் தெரியாது, குடத்தை வைத்துக்கொண்டு முதலில் நிற்கிறவளுக்குத்தான் தெரியவரும். அன்றைக்கு அப்படி முதலில் நின்றவள் தங்கமாரி. ஊர்மந்தையில் இசை நாற்காலிப் போட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

தங்கமாரிக்கு இருபத்தாறு வயது. லோடு வண்டி ஓட்டுகிற காளிராஜ் அவள் புருசன், நாலு வயசுக் கனிஷ்கா மகள், உள்ளூரிலேயே வாக்கப்பட்டு அடுத்த வீட்டில் குடியிருக்கும் வீரலட்சுமி நாத்தனார். நாத்தனாரை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள், அதே மதினியிடம்தான் நாலு வருசமாக இசை நாற்காலியில் தோற்றும் வந்தாள். நாலு வருசமும் கடைசி நாற்காலி வரைக்கும் வந்து, பாட்டு நிற்கிற நேரத்தில் மதினியின் இடுப்பு வந்து இடித்து, இவள் மண்ணில் உட்கார, ஊர் சிரிக்க, மதினி பரிசுப் பாத்திரத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு போவாள். போகிறவள் சும்மாவும் போகமாட்டாள்.

"இதுக்கு இடுப்பு வேணும்டி தங்கமாரி. ஒனக்கு எங்கிட்டு இருக்கு?"

இந்த வருசம் பன்னிரண்டு பெண்கள், பதினோரு நாற்காலி. பாட்டு நின்றது; பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யார் மடியிலும் இல்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் நாற்காலியை எண்ணினார்கள், பதினொன்று. ஆளை எண்ணினார்கள், பன்னிரண்டு. சரி, எங்கேயோ கணக்கு உதைக்கிறது என்று ஒன்றை எடுத்தார்கள். பாட்டு ஓடியது, நின்றது, பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இப்படியே ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் கடைசியில் ஒரே ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு பெண்களும் காலை நீட்டி, முந்தானையால் விசிறிக்கொண்டு, ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது. அதில் கனிஷ்கா வந்து ஏறிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மதினி."

"நான் எதுக்குத் தள்ளணும்? எனக்குத்தான் வேணுங்குற இடம் இருக்கே."

"எனக்கும் இருக்கு."

"பெறகென்னடி, பேசாம உக்காரு."

பரிசுக்கு வாங்கி வைத்திருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் அண்டா. பன்னிரண்டு பேருக்கும் முதல் பரிசு என்று ஆகிவிட்டதால், வருசத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே, ஆளுக்கு ஒரு மாசம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டித் தலைவர் தீர்ப்புச் சொன்னார். தை மாசம் மதினிக்கு, மாசி தங்கமாரிக்கு. அந்த நேரம் மந்தையில் இருந்த எல்லார் போனும் ஒரே மூச்சில் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், 'வாழ்த்துகள்! இன்று முதல் எல்லோருக்கும் வெற்றி' என்று இருந்தது. கீழே பெரிய கம்பெனியின் முத்திரை.

பெரிய கம்பெனிக்குக் கடலுக்கு அந்தப்பக்கம் வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு; ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. முதலில் அது கம்ப்யூட்டர் விற்றது, பிறகு போன் விற்றது, பிறகு போனுக்குள் விளையாடுகிற விளையாட்டுகளை வாங்க ஆரம்பித்தது. கார் ஓட்டுகிற விளையாட்டு செய்கிற கம்பெனியை வாங்கியது, துப்பாக்கி சுடுகிற கம்பெனியை வாங்கியது, பந்து அடிக்கிற கம்பெனி, மிட்டாய் அடுக்குகிற கம்பெனி, போனுக்குள்ளேயே கத்தரிக்காய் பயிர் வைக்கிற கம்பெனி என்று சீனி டப்பாவுக்குள் எறும்பு போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அது ஒவ்வொன்றாக வாங்கும்போதெல்லாம் குருசாமியின் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சபை கூடும்.

"ஏம்ப்பா, ஒருத்தனே அம்புட்டு வெளையாட்டையும் வாங்கிற முடியுமா?"

"ஏன் முடியாது? நம்ம ஊர்க் கம்மாயில மீன் பிடிக்கிறத ஒருத்தன்தானே ஏலம் எடுக்கான்?"

"மீன் கம்மாய்க்குள்ளயே கெடக்கும். வெளையாட்டு அப்படியா கெடக்கும்?"

குருசாமி டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "வாங்கட்டும்யா. தாயக்கட்டத்துல நாலு பக்கமும் அவனே உக்காந்தான்னா யாரு காயை யாரு வெட்டுவா? அத மட்டும் எனக்குச் சொல்லிட்டு வாங்கச் சொல்லு."

சபை பேப்பரை மடிக்கும். இன்னொரு டீ சொல்வார்கள்.

போனுக்குள் வாங்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகு, போன மார்கழியில், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரோடு புளியம்பொட்டலுக்கு வந்தாள். நல்ல பெண், வந்தவுடன் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பிள்ளைகளைப் பேர் கேட்டாள். உங்கள் ஊரில் என்னென்ன விளையாட்டு விளையாடுவீர்கள், சொல்லி ரேகை வையுங்கள், ஒரு விளையாட்டுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா என்றாள். டப்பாவுக்காக யாரும் ஒன்றும் பறக்கவில்லை. ஆனால் அவள் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு போயிருக்கலாம், போகாமல், "மேலப்பட்டியில முப்பத்தொன்பது சொன்னாங்க" என்றுவிட்டாள்.

அவ்வளவுதான். மேலப்பட்டிக்காரன் முப்பத்தொன்பது சொல்லியிருக்கும்போது புளியம்பொட்டல் முப்பத்தெட்டோடு நின்றால் அப்புறம் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவது? ஆடு மேய்க்கப் போனவர்களைக் கூப்பிட்டு வந்தார்கள், படுத்த படுக்கையில் கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தாயம், பல்லாங்குழி, கபடி, கிளித்தட்டு, சடுகுடு வேறு கபடி வேறு என்று ஒரு சண்டை, கம்மாயில் முங்கி மூச்சுப் பிடிக்கிறது, புளியங்கொட்டையை ஊதுகிறது, யார் எச்சில் தூரம் போகிறது என்பது வரைக்கும் எழுதி முப்பத்தொன்பதில் வந்து வண்டி நின்றது. ஊரே மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அப்போது தங்கமாரிதான், கூட்டத்துக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து, "கண்ணாமூச்சியைச் சொல்லிட்டீகளா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை! கைக்குள் இருக்கிற சாவியைத் தேடுகிற மாதிரி எல்லாரும் மறந்திருந்தார்கள். ஊர் கைதட்டியது. தங்கமாரி வந்து ரேகை வைத்து, நாற்பதாவது டப்பாவை வாங்கிக்கொண்டு, வெல்லம் போட்டு வைக்கலாம் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனாள்.

போகிறபோது நீலச் சட்டைப் பெண் விசயத்தை மறைக்காமல்தான் சொன்னாள். "தோத்துப்போறவங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க. அவங்க போயிட்டா கம்பெனிக்கு நட்டம். அதனால இனிமே யாருமே தோக்காத மாதிரி பண்ணப்போறோம்." நல்ல காரியந்தானம்மா, செய்யுங்க என்று ஊரும் சொன்னது.

நல்ல காரியமாகத்தான் இருந்தது. கபடியில் இரண்டு பக்கமும் ஜெயித்து இரண்டு பக்கமும் வெடி போட்டார்கள். மேலப்பட்டி அணி வந்து விளையாடிவிட்டு, அவர்களும் ஜெயித்து, கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தடியில் விடிந்தால் அடைந்தால் தாயம் உருட்டிய ஆண்களுக்கு எல்லாக் காயும் ஒரே நேரத்தில் கட்டத்தைச் சுற்றிவந்து பழம் ஏறிவிட்டதால், பத்து நிமிசத்தில் ஆட்டம் முடிந்து, துண்டை உதறிக்கொண்டு எழுந்தால் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாமல் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களைப் பெண்கள் விடுவார்களா? அந்த மாசத்தில் ஊரில் ஒழுகின கூரையெல்லாம் அடைபட்டது, ஆட்டுக்கொட்டிலெல்லாம் நிமிர்ந்தது, மூன்று வருசமாக ஆடிக்கொண்டிருந்த தங்கமாரி வீட்டு அம்மிக்கல் மேடைக்குக்கூட சிமெண்ட் பூசியாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுச் சட்டை கிழியாமல் வந்தார்கள். பெரிய கம்பெனிக்குப் பிள்ளை குட்டியெல்லாம் நன்றாக இருக்கட்டும் என்று பெண்கள் குழாயடியில் வாழ்த்தினார்கள்.

பிறகு மெல்ல மெல்ல ஒன்று கவனத்துக்கு வந்தது. ஊரில் கேலி பேச ஆளில்லை. மதினி தங்கமாரியைப் பார்த்து வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அது தங்கமாரிக்கு என்னவோ செய்தது. நாலு வருசமாக வாங்கின ஏச்சு திடீரென்று நின்றால் காதுக்குள் ரொய்ங் என்கிறது. பிள்ளைகள் ஒரு ஆட்டம் ஆடுவார்கள், ஜெயிப்பார்கள், எழுந்து போவார்கள். "இன்னொரு வாட்டி" என்று யாரும் கேட்பதில்லை. கபடிக்களத்தில் நெருஞ்சி முளைத்தது. கம்பெனி கோவித்துக்கொண்டு போகிறவர்களைத்தான் தடுத்தது, இவர்கள் கோவித்துக்கொள்ளாமலே போனார்கள்.

கனிஷ்கா மட்டும் விடவில்லை. நாலு வயசு, அவளுக்கு அம்மா கூட விளையாடக் கண்ணாமூச்சி ஒன்றுதான் தெரியும்.

பொங்கலிலிருந்து அப்புறம் அப்புறம் என்று தட்டிக்கழித்து வந்த அம்மாவிடம், மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில், "அம்மா எண்ணு" என்றாள். தங்கமாரி சுவரில் முகத்தை வைத்துப் பத்து வரைக்கும் எண்ணித் திரும்பினாள். வழக்கம்போலக் கதவுக்குப் பின்னாலிருந்து குட்டிக் கால்விரல் அஞ்சும் வெளியே தெரிந்தது. "எங்க போச்சு எங்கனிக்குட்டி, பானைக்குள்ள இருக்கோ, பரணுக்கு மேல இருக்கோ" என்று கொஞ்ச நேரம் பாசாங்கு பண்ணிவிட்டுக் கதவை இழுத்தாள். அங்கே யாருமில்லை. விரல் அஞ்சும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்தாள், சிரிப்புச் சத்தம் அடுக்களையில் கேட்டது. ஓடினாள்; இட்லிச் சட்டி கருகிக்கொண்டிருந்தது, சிரிப்பு வாசலுக்குப் போயிருந்தது. ஒளிந்தவளும் தோற்க முடியாது, தேடுகிறவளும் தோற்க முடியாது. ஆட்டம் எப்படி முடியும்?

மத்தியானத்துக்குள் தெருவே தேடியது. ஆளாளுக்குக் "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினார்கள், கத்தினவர் போனெல்லாம் 'வாழ்த்துகள், கண்டுபிடித்துவிட்டீர்கள்!' என்று பாடியது. நாற்பது பேர் கண்டுபிடித்தும் கையில் பிள்ளை இல்லை. பலூன் ஊதிக் காட்டினார்கள், சிப்ஸ் பாக்கெட்டை உடைத்து வாசம் காட்டினார்கள். ஆசைப்பட்டு வெளியே வந்தால் தோற்றதாகிவிடும் அல்லவா, பிள்ளை வரவில்லை. தங்கமாரி நடுவீட்டில் நின்று, "அம்மா தோத்துட்டேன்டி தங்கம், வெளிய வா" என்று சொன்னாள். இதுதான் காலம்காலமாகச் சொல்கிற வார்த்தை, இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் வந்துவிடும். அடுப்புமேடையிலிருந்து போன் பாடியது: 'வாழ்த்துகள்! நீங்களும் வென்றீர்கள்!'

தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப்போன காளிராஜ் பாதி வழியில் திரும்பி வந்து, கூரை ஓட்டைப் பிரித்துப் பார்த்தான், நெல் குதிருக்குள் இறங்கிப் பார்த்தான். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டான். தமிழுக்கு இரண்டை அழுத்தி, விளையாட்டுக்கு ஏழை அழுத்தி, அரை மணி நேரம் வீணை கேட்டபிறகு ஒரு குரல் தேனாகப் பேசியது.

"உங்க மகள் ரொம்ப வெற்றிகரமா ஒளிஞ்சிருக்காங்க சார்."

"அதான்ம்மா, வெளிய கொண்டு வரணும். ஒருக்கா தோக்க வச்சு விடுங்க."

"தோல்வி இப்போ எங்ககிட்ட இல்லைங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

காளிராஜ் போனை வைத்தான். வேறு கம்பெனிக்குப் போடலாம் என்றால் வேறு கம்பெனி எங்கே இருக்கிறது?

மறுநாள் காலையும் ஆயிற்று. படியில் வைத்த பால் ஆடை கட்டிக் கிடந்தது. சிரிப்புச் சத்தம் கொஞ்சம் சோர்ந்திருந்த மாதிரி தங்கமாரிக்குப் பட்டது. தொண்டை காய்ந்த பிள்ளையின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? நாற்பதாவது டப்பாவை எடுத்துத் தெருவில் விட்டெறிந்தாள். "நாந்தான் மதினி குடுத்தேன். யாரு கேட்டா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?" என்று முதல்முறையாக அழுதாள்.

மதினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுது ஆவப்போறது ஒன்னுமில்ல. ரோசனை பண்ணு. அவ தோத்து வரமாட்டா. ஜெயிச்சாத்தான் வருவா. எதையாச்சும் ஜெயிக்க விடு."

"எதை மதினி? நாப்பதையும் அள்ளிக் குடுத்துட்டமே!"

"அப்ப முதல்ல உலையை வையி. முந்தாநா ராத்திரி தின்னது நீயி."

உலை வைத்தாள். வேறு என்ன செய்வது, விடிந்தால் உலை வைக்கிற கை. சோறு வடித்து, பருப்பை மசித்து, நெய் விட்டு, கிண்ணத்தில் போட்டுப் பிசைந்துகொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கை தானாகக் குட்டிக் குட்டியாக உருட்டியது. கூரை முனையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. தங்கமாரியின் வாய், அவளைக் கேட்காமலே, சொன்னது:

"இது கனிக்குட்டிக்கு இல்ல. இது காக்காவுக்கு."

மூன்று வருசமாகத் தினமும் இரண்டு வேளை சொல்கிற பேச்சு. சொல்லிக்கொண்டே உருண்டையைக் காக்கா பக்கம் நீட்ட வேண்டும். பிள்ளை பதறிக்கொண்டு வந்து வாயைக் கொடுத்துக் கவ்வ வேண்டும். ஐயோ போச்சே என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேர் கிடையாது. அதை ஒரு விளையாட்டு என்று ஊரில் யாரும் நினைத்ததே இல்லை, நினைத்திருந்தால் மேலப்பட்டியை ஜெயிக்க அதையும் சொல்லித் தொலைத்திருப்பார்கள்.

காகம் கழுத்தைச் சாய்த்தது. தங்கமாரி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

லபக்கென்று விரலில் பல் பட்டது. கனிஷ்கா முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்து, முடியெல்லாம் ஒட்டடையாக, கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ போச்சே," என்றாள் தங்கமாரி. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். போன் பாடவில்லை.

கட்டிப்பிடிக்கக் கை துடித்தது. பிடித்தால் நழுவிவிடுமோ என்று பயம். "இது அத்தைக்கு" என்றாள், லபக். "இது அப்பாவுக்கு", லபக். கதவோரம் மதினியும் காளிராஜும் வந்து நின்றார்கள். கிண்ணம் பாதியானது. அப்போதுதான் கவனித்தாள், பிள்ளையின் ஒரு கால் வாசல்படியைப் பார்த்துத் திரும்பியே இருந்தது.

"சாப்பிட்டு என்ன பண்ணுவ கண்ணு?"

"திரும்பி ஒளிஞ்சுக்குவேன். இப்பவும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தங்கமாரி அடுத்த உருண்டையை அவசரமாக உருட்டினாள். பெற்றவள் பயத்தைப் பிள்ளை என்ன கண்டது? கிண்ணத்துக்குள் கையை விட்டு, தானே ஒரு உருண்டை பிடித்தது; விரலிடுக்கில் வழிய வழிய அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டியது. "இப்ப நான். இது அம்மாவுக்கு இல்ல. காக்காவுக்கு."

இது எத்தனையோ முறை நடந்ததுதான். அப்போதெல்லாம் தங்கமாரி வாயைத் திறந்து மெதுவாக வருவாள், பிள்ளை கையை இழுத்துக்கொண்டு கெக்கலி கொட்டும், இவள் ஏமாந்த முகம் வைப்பாள். ஒரு நாள்கூடக் கவ்வினதில்லை. மூன்று வருசத்தில் இந்தச் சோற்று விளையாட்டில் பிள்ளையை அவள் ஒரு தடவைகூடத் தோற்க விட்டதில்லை. கம்பெனியைச் சொல்லி என்ன, இந்த வாசலில் அவளே ஒரு கம்பெனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

பசித்தது. இரண்டு நாள் பசி. நெய் வாசம் மூக்கில் ஏறியது. பிள்ளை கையை இழுப்பதற்குள், காகம் சிறகை விரிப்பதற்குள், தங்கமாரி பாய்ந்து கவ்வி, மென்று, விழுங்கிவிட்டாள்.

கனிஷ்கா கையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்து காட்டினாள், அங்கேயும் ஒன்றுமில்லை. கீழுதடு முதலில் பிதுங்கியது, மோவாய் நடுங்கியது, நெஞ்சு மேலே ஏறி ஏறி ஒரு நிமிசம் அங்கேயே நின்றது.

"அம்மா எஞ்சோத்தைத் தின்னுட்டாஆஆ!"

எப்பேர்ப்பட்ட அழுகை அது! அடிபட்ட அழுகை இல்லை, பசி அழுகை இல்லை, தூக்க அழுகை இல்லை. கேட்டவுடன் ஊருக்கு என்னவென்று தெரிந்தது. தெருவில் கதவு கதவாகத் திறந்தது. வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னலில் பிள்ளைத் தலைகள் முளைத்தன. தங்கமாரி மகளை அள்ளினாள்; அழுகையில் ஒளிகிறதையே மறந்திருந்தது பிள்ளை, அள்ள முடிந்தது. மூக்குச்சளியும் நெய்யும் ஒட்டடையுமாக, பதினாலு கிலோவும் முழுசாக மடியில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, அவள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதது பிள்ளை.

காளிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மதினி ஓடி வந்தாள்.

"தோத்துட்டாளாடி? நெசமாவா?"

"நெசமாத்தான் மதினி. நல்லாத் தோத்துட்டா."

"நாலு வயசுப் பிள்ளை கையில இருந்து புடுங்கித் தின்னுருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி?" என்றாள் மதினி. சொல்லிவிட்டுத் தன் வாயில் வந்த பேச்சைத் தானே நம்பாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். குருசாமி டீக்கிளாசோடு வந்தார், கமிட்டித் தலைவர் வந்தார், கைக்குழந்தை பார்க்க வருகிற மாதிரி ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். மதினி முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, "சரி சரி, அழாத என் ராசாத்தி" என்று சமாதானம் சொல்லக் குனிந்தாள்.

தங்கமாரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழுகையை அமத்திராதீங்க மதினி. கீழத்தெருவுக்கும் கேக்கட்டும்."